மஞ்சளுக்கு மேல் சிவப்பு

சிட்டு சொன்னது சின்னப் பொய்தான். ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் எலியும் பூனையுமாகத் திரிந்தால், நடுவில் அகப்பட்டவள் சொல்லக்கூடிய அளவுக்கு ஒரு பொய். கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கட்டிங் பிளேயரையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் நீட்டி, "கடையில பார்த்தேன், வாங்கிட்டேன்" என்றிருந்தாள். அது போன வாரக் கதை.

வாங்கியவன் அவள் தம்பி. வெறும் இரும்பாக வாங்கி வந்து, அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஸ்ப்ரே ஷெட்டில் வைத்து, வண்டிகளுக்கு அடிக்கிற ரப்பர் பூச்சை அடித்தவனும் அவன்தான். பிளேயரின் கைப்பிடிக்கும் ஸ்க்ரூடிரைவரின் தண்டுக்கும் முதலில் மஞ்சள், காய்ந்த பிறகு அதற்கு மேல் சிவப்பு. கரண்ட் வேலைக்கென்றே வருகிற விலை கூடின கருவிகளில் அப்படித்தான் இரண்டு நிறம் இருக்கும். சிவப்பு தேய்ந்து உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால், கருவியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். தம்பிக்கு அந்த விவரம் தெரியும். அக்காவின் கணவரான மாமாவிடம்தான் கொஞ்ச காலம் வயரிங் வேலை பழகினான்.

அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அக்காவோடு ஷெட்டுக்கு வந்தபோதுதான் சண்டை மூண்டது. "கையில இருக்கிற தொழிலை உதறிட்டு ரப்பர் பூசப் போறானாம். அதுக்குப் பலூன் விக்கலாம்" என்று நாலு பேர் முன்னால் மாமா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமாவுக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேசையில் சாப்பிடும்போதும், தண்ணீர் வேண்டுமென்றால் சிட்டுவைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

"நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா மாமா தொடமாட்டார்க்கா. நீ வாங்கினதா சொல்லு. நல்லா இருக்குன்னு அவர் வாயாலயே சொல்லட்டும், அப்புறம் நான் உண்மையைச் சொல்றேன்" என்று தம்பி கெஞ்சினான். அதில் ஒரு அசட்டு அன்பு இருந்தது. சிட்டு சரியென்று தலையாட்டிவிட்டாள்.

இன்று காலையில் ஷெட்டுக்கு வேன்காரர் வந்திருந்தார். அவருடைய வெள்ளை வேனுக்குப் போன வருடம் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்தவர்கள் இவர்கள்தான். இப்போது வேனை விற்கப் போகிறார். வாங்குகிறவருக்கு வெள்ளைதான் வேண்டுமாம். உரித்துவிட்டால் ஆயிற்று.

உரிக்கிற வேலை சிட்டுவுக்கு ரொம்பப் பிடிக்கும். மூலையில் நகத்தால் கிளப்பி, சூடான காற்றை மெல்லக் காட்டி, பதமாக இழுத்தால் முழுப் பலகையும் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வரும். கீழே பெயின்ட் அன்றைக்குப் பார்த்த மாதிரி அப்படியே பளபளக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவு அப்படித்தான் ஒரே தோலாக வந்தது. வேன்காரர் தன் குழந்தையின் முதல் பல் விழுந்ததுபோலப் பக்கத்தில் நின்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து படிக்கட்டு ஓரத்துக்கு வந்தபோது தோல் வரவில்லை. துண்டு துண்டாகப் பிய்ந்தது. அங்கே பூச்சு மெல்லிசாக விழுந்திருக்கிறது. கால் தேய்க்கும் இடத்தில் ஊசிமுனை மாதிரி சின்னச் சின்னப் பொத்தல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. பக்கத்தில் போய் விரலை வைத்துத் தடவினால்தான் அடியில் இருப்பது தட்டுப்படும்.

சிட்டுவின் விரல் அங்கேயே நின்றது.

தம்பியைக் கூப்பிட்டாள். மாமாவின் பிளேயருக்கு எவ்வளவு தடிமனாக அடித்தான் என்று கேட்டாள். அவன் வேறு வேலை மும்முரத்தில், மெல்லிசாகத்தான் என்றான். கனமாக அடித்தால் கைப்பிடி வாழைத்தண்டு மாதிரி பருத்துவிடுகிறதாம். பிடிக்கவே முடியாதாம்.

"மாதிரி பார்க்க வேற எதுலயாவது அடிச்சியா?"

அலமாரியில் ஒரு பழைய குறடு இருந்தது. அதில்தான் முதலில் நிறம் பார்த்திருக்கிறான். மஞ்சளுக்கு மேல் சிவப்பு. சிட்டு அதை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினாள். வேகவைத்த கடலையின் தோல்போல இரண்டு நிறமும் சேர்ந்தே சுருண்டு வந்தது. அடியில் வெறும் இரும்பு.

"ரப்பர்தானேக்கா. ரப்பர்ல கரண்ட் ஏறாது" என்றான் தம்பி. சொல்லும்போதே குரல் பாதியில் இறங்கிவிட்டது.

சிட்டு பூச்சு வாங்கும் கடைக்காரருக்குப் போன் போட்டாள். இந்தப் பூச்சு கரண்டைத் தடுக்குமா என்று கேட்டதும் அவர் முதலில் சிரித்தார். கை வழுக்காது, துரு பிடிக்காது, பார்க்க லட்சணமாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கரண்ட் வேலைக்கு யாரும்மா இதை நம்புவாங்க? யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். சிட்டு போனை வைத்தாள்.

வயர்மேனான அவள் கணவர் இன்று குளிர்கிடங்கில் வேலைக்குப் போயிருந்தார். காலையில் சாப்பிடும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். மெயின் பேனலில் ஒரு ஒயர் கருகிவிட்டது, மாற்ற வேண்டும். கரண்டை நிறுத்தினால் உள்ளே இருக்கும் சரக்கு கெட்டுப்போகும் என்று மேனேஜர் அழுகிறார். ஓடுகிற கரண்டிலேயேதான் கை வைக்க வேண்டும். "என்னைத் தவிர வேற எவனும் ஒத்துக்கமாட்டான்" என்று அதில் கொஞ்சம் பெருமை வேறு. அதைக் கேட்டு அவள் இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள்.

அவருக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேனல் முன்னால் நிற்கும்போது போனைப் பைக்குள் போட்டுப் பையைத் தூரத்தில் வைத்துவிடுவது அவர் வழக்கம். வேலையில் கவனம் சிதறக் கூடாதாம். நல்ல வழக்கம்தான். இன்றைக்கு அதுவே எமனாகிவிடும் போலிருந்தது. குளிர்கிடங்கின் ஆபீஸ் எண் அவளிடம் இல்லை.

தம்பியின் பைக் சர்வீஸுக்குப் போயிருந்தது. சிட்டு வேன்காரரைப் பார்த்தாள். அவருக்கு முழுக்கப் புரியவில்லை. ஆனால் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்தார்.

பாதி உரிந்த வேன் தெருவில் இறங்கியது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. பின்கதவில் பாதி கிளப்பிவிட்ட தோல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, வண்டிக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். வேன்காரர் மற்ற நாளாக இருந்தால் இதற்குப் பத்து பதில் சொல்லியிருப்பார். இன்று ஹாரனை மட்டும் அடித்தார்.

தம்பி பின்சீட்டில் முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமா கையுறை போட்டிருப்பார் என்றான். கொஞ்ச தூரம் போனதும், சின்ன வேலைக்குக் கையுறை வாகாக இருக்காது, கழற்றிவிடுவார் என்று அவனே சொன்னான். கீழே ரப்பர் பாய் போட்டுக்கொள்வார் என்றான். சிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். தம்பியைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. திட்டினால் பாதித் திட்டு தனக்கு வந்து சேரும் என்பதும் தெரிந்தது. பரிசைக் கையில் கொடுத்தது அவள்தானே.

குளிர்கிடங்கின் கேட்டில் காவலாளி வழிமறித்தார். வெளியாட்களை விடக் கூடாதாம். வண்டி எண்ணையும் நிறத்தையும் எழுதாமல் உள்ளே விட முடியாதாம். பேனாவை வைத்துக்கொண்டு வேனை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கறுப்புன்னு எழுதவா, வெள்ளைன்னு எழுதவா?" என்று கேட்டார்.

வேன்காரர் கீழே இறங்கி, அவர் தோளில் கை போட்டு, அது ஒரு பெரிய கதை என்று ஆரம்பித்தார். அவர் முதுகு திரும்பியதும் சிட்டு கேட்டுக்குள் நுழைந்துவிட்டாள். தம்பி பின்னாலேயே ஓடினான்.

மேனேஜர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தார். மெயினை உடனே நிறுத்தச் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யார் நீ, எதற்கு நிறுத்த வேண்டும், உள்ளே இருக்கிற சரக்கு யார் வீட்டுச் சொத்து என்று கேட்டுக்கொண்டே போனார். வயர்மேனின் மனைவி என்றதும், வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. பேனல் அறை எது என்று சுவரில் மின்னல் படம் ஒட்டியிருந்ததே காட்டிக்கொடுத்தது. சிட்டு அங்கே ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது.

வயர்மேன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆள் உயர இரும்புப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே செம்புப் பட்டைகள் வரிசையாக மின்னின. மெல்லிசாக ஒரு ரீங்காரம். அவர் கையுறை இரண்டும் பெட்டிக்கு மேலே கிடந்தன. இடது கை இரும்புக் கதவின் மேல் ஊன்றியிருந்தது. வலது கையில் பிளேயர். சிவப்புக் கைப்பிடி. கருகிய ஒயரின் நுனியைக் கவ்வி, பட்டைகளுக்கு நடுவிலிருந்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி "மா" என்று வாயைத் திறந்தான். சிட்டு பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

இப்போது கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். கை ஒரு விரல்கடை நகர்ந்தால் போதும். கல்யாணமான புதிதில் அவரே சொல்லிக் கொடுத்தது அது. கரண்டில் கை வைத்திருக்கிறவனைப் பின்னால் நின்று கூப்பிடாதே, வீடே பற்றி எரிந்தாலும் கூப்பிடாதே.

அவள் அப்படியே நின்றாள். தம்பியின் மூச்சு அவள் உள்ளங்கையில் சூடாக வந்து மோதியது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. உள்ளங்கையும் வியர்த்துத்தானே இருக்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அவர் பிடியைத் தளர்த்தி, மாற்றிப் பிடித்தார். மறுபடி இழுத்தார். ஒயர் வர மறுத்தது. தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார். பின்னால் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி அவள் கையிலிருந்து நழுவிப் போய், வாசலை அடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பி அந்த மனிதரை நிறுத்தினான். அவன் கண்ணைப் பார்த்து மேனேஜரும் நின்றுவிட்டார்.

ஒயர் வந்தது. வயர்மேன் அதைப் பத்திரமாக வெளியே எடுத்துத் தரையில் போட்டார். கையும் வெளியே வந்தது. ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, முழங்கையால் நெற்றியைத் துடைத்தார்.

"என்னங்க" என்றாள் சிட்டு. சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொல்ல முயன்றாள்.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற மச்சானைப் பார்த்தார். வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர் முகம் வெளுத்தது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அந்த பிளேயரைக் கீழ வைங்க. முதல்ல வைங்க, அப்புறம் சொல்றேன்."

கீழே வைத்தார். சிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கடையில் வாங்கவில்லை. தம்பி அடித்த பூச்சு. வண்டிக்கு அடிக்கிற அதே பூச்சு, உரித்தால் வந்துவிடும். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க நாலு வாக்கியம் கூட ஆகவில்லை. இதைச் சொல்லவா ஒரு வாரம் ஆயிற்று என்றிருந்தது.

வயர்மேன் குனிந்து பிளேயரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரல் அழுந்துகிற இடத்தில் சிவப்பு தேய்ந்து, மிளகு அளவுக்கு மஞ்சள் தெரிந்தது.

"காலையிலயே பார்த்தேன்" என்றார். "ஒரு வாரத்துல மஞ்சள் தெரியுதேன்னு நினைச்சேன். வேற யார் கொடுத்திருந்தாலும் அப்பவே தூக்கிப் போட்டிருப்பேன். நீ ஆசையா வாங்கிக் கொடுத்ததாச்சேன்னு, இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிடலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

அவர் ஓங்கி அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மஞ்சள் தெரிந்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்தார். தோல் வந்தது. கைப்பிடி முழுக்க இரும்பு தெரியும்வரை நிதானமாக உரித்தார். உரித்த தோலை உருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி கிட்டே வந்து எதிரில் குந்தினான்.

"ரப்பர்னா எல்லா ரப்பரும் ஒண்ணா, மச்சான்?" என்றார் வயர்மேன்.

பல மாதத்துக்குப் பிறகு அவர் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கோபம் இல்லாத குரலில் கேட்டதுதான் தம்பியால் தாங்க முடியவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவர் அவனைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. பேனல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார். மேனேஜரிடம், கரண்டை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால் வருகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். மேனேஜர் சரக்கைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். வயர்மேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கருவிகளைப் பைக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினார்.

பாதியில் அவர் கை நின்றது.

"ஸ்க்ரூடிரைவர்? அதுவும் இவன் அடிச்சதுதானா?"

சிட்டு தம்பியைப் பார்த்தாள். தம்பி ஆமாம் என்று தலையை அசைத்தான்.

"அதை அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார் வயர்மேன். அவருடைய மூத்தவருக்குத் தெருவிளக்கு வேலை. வயர்மேன் வீட்டுக் கருவி என்றால் தன் வீட்டுக் கருவி மாதிரி உரிமையாக எடுத்துப் போகிறவர். காலையில் குளிர்கிடங்கு வழியாகப் போகும்போது புதுசைப் பார்த்துவிட்டு, சாயந்தரம் தருகிறேன் என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டு போயிருக்கிறார். எந்தத் தெருவுக்கு என்று இவர் கேட்கவில்லை.

வேன் குளிர்கிடங்கை விட்டு வெளியே வந்தபோது மூன்று பேரும் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வயர்மேன் நடுவில். மச்சானின் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் போக என்று வேன்காரர் கேட்டார். விளக்குக் கம்பம் நடாத தெரு ஊரில் ஏது? வயர்மேன் இடதுபக்கம் போகச் சொன்னார், பிறகு வேண்டாம் நேராகப் போங்கள் என்றார்.

சிட்டு மூத்தவரின் போனுக்கு அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அவளுக்கு உயிர் வந்தது.

எடுத்தது மூத்தவர் இல்லை. அவருடைய மனைவி. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டாராம். எப்போதும் இப்படித்தான் என்று சலித்துக்கொண்டாள். என்ன விஷயம், சாயந்தரம் வந்ததும் பேசச் சொல்லவா என்று கேட்டாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. உடம்புக்கு முடியாதவள், படபடப்பு ஆகாதென்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார்.

வயர்மேன் சிட்டுவின் கையைத் தொட்டு வேண்டாம் என்று சைகை காட்டினார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடு, நாமே தேடிக்கொள்ளலாம் என்று உதட்டசைவில் சொன்னார்.

இன்னொரு சின்னப் பொய். நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது.

ஆனால் இன்று எந்தத் தெரு என்று மூத்தவர் வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது அந்தப் பெண்மணி ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும்.

"அக்கா" என்றாள் சிட்டு. "அடுப்பை அணைச்சுட்டு ஒரு நிமிஷம் உட்காருங்க. நான் சொல்றதைப் பதறாம கேளுங்க."

எதிர்முனையில் அடுப்பின் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சிட்டு சொல்ல ஆரம்பித்தாள்.